ஏழரையால் பெருக்கிய கணக்கு: எங்கள் குடியிருப்புச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

அழகர் மலைக்குத் திரும்பிய அந்த வாரத்தில், லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கை இன்னும் அங்கேயே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் மின்சார வாகனங்களுக்கு சார்ஜ் செய்வது மறு அறிவிப்பு வரும்வரை தடை செய்யப்படுகிறது. சென்ற ஆண்டு மெயின் போர்டு கருகியதைக் கருத்தில் கொண்டும், கட்டடத்தின் மின்பளு போதாது என்பதாலும் இந்த முடிவு. நான்கு வரிகள், கீழே ஒரு முத்திரை. மூன்று முறை நேரில் வந்து பேசினேன். இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம் சார்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராததால், நத்தம் சாலையில் நம்மைப் போலவே குடியிருப்புகளில் வாழும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

மெயின் போர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது கருகியது சென்ற ஆண்டு கத்திரி வெயிலில். நான் கார் வாங்கியது இந்த ஆண்டு தை மாதம். போர்டு கருகியபோது நம் கட்டடத்தில் மின்சாரக் கார் ஒன்றுகூடக் கிடையாது, இரண்டு ஸ்கூட்டர்கள் மட்டுமே இருந்தன. பிறக்காத பிள்ளைமீது போட்ட பழி அது.

இனி மின்பளு. செயலாளர் பெருந்தன்மையோடு எனக்குக் காட்டிய, மின் ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டுத் தாளை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தக் கணக்கும் ஒரே பக்கம். 32 வீடுகள், வீட்டுக்கு ஒரு 7.4 கிலோவாட் சார்ஜர், ஆக 237 கிலோவாட். அதை 1.25ஆல் பெருக்கி 296. ஆகவே 500 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மர், புதிய கேபிள், புதிய பேனல். இடத்துக்கு, பிள்ளையார் சன்னதிக்குப் பின்னால் நிற்கும் வேம்பை வெட்ட வேண்டும். வீட்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய் பங்கு. இதைப் பார்த்து நீங்கள் மிரண்டதில் எனக்கு வியப்பில்லை. 7.4 என்பது ஏறத்தாழ ஏழரை, அந்த எண்ணே நம்மில் பாதிப் பேரைப் பரிகாரத்துக்கு அனுப்பிவிடும்.

பெருக்கலில் தவறில்லை. பெருக்க எடுத்துக்கொண்ட எண்கள்தான் நம் கட்டடத்துக்கு உரியவை அல்ல.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் நூற்பாலையின் மின் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆலையில் எந்த மேற்பார்வையாளரும் எல்லா இயந்திரங்களின் குதிரைத் திறனையும் கூட்டி அவ்வளவுக்கு மின்சாரம் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் உச்சமாக எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பார்ப்போம், ஏனென்றால் ஆலையின் மின்கட்டணத்தில் ஒரு பகுதி அந்த உச்சத்தை வைத்துத்தான் வரும். ஷிப்ட் தொடங்கும்போது நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓடவிடுவோம். எல்லா சுவிட்சுகளையும் சேர்த்துத் தட்டுகிற புதுப்பையனுக்கு அன்று திட்டு உறுதி. 2008 இறுதியில் தமிழகமே மின்வெட்டில் தவித்தபோது, உயர் அழுத்த நுகர்வோருக்கு 40 விழுக்காடு வெட்டு வந்தது. எங்கள் ஆலை மூடவில்லை. எந்த இயந்திரம் எந்த நேரத்தில் ஓடும் என்று கரும்பலகையில் எழுதி மாட்டி, அதன்படி ஓட்டினோம். அந்தக் கரும்பலகைதான் இன்றைக்கு நம் கார் நிறுத்துமிடத்துக்குத் தேவை. இப்போது அது கைக்கு அடக்கமான ஒரு கருவியாகவே வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரரின் தாளில் வரும் 1.25 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றிய அரசு 2019 பிப்ரவரியில் மாதிரிக் கட்டட விதிகளில் செய்த திருத்தத்திலிருந்து வந்திருக்கிறது. புதிதாகக் கட்டும் கட்டடங்களில் வாகன இடத்தில் 20 விழுக்காட்டுக்கு சார்ஜ் வசதி வேண்டும், அந்தச் சார்ஜர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஆகும் சுமையோடு 1.25 மடங்கு பாதுகாப்பு வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். நம் கட்டடம் 2011இல் முடிந்தது. அந்த விதியை அப்படியே இங்கே பொருத்தினால்கூட, 32 கார் இடங்களில் 20 விழுக்காடு என்பது ஆறோ ஏழோதான். அவர் 1.25ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 20 விழுக்காட்டை விட்டுவிட்டார். எது லாபமோ அது நினைவில் நிற்கிறது.

அடுத்து 7.4 கிலோவாட். அது 32 ஆம்பியர் இழுக்கும் சுவர்ச் சார்ஜர். என் காரோடு வந்தது 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டுகிற சாதாரண சார்ஜர், 3.3 கிலோவாட், ஒரு கீசரைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மதுரைக்குள் ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டிவிடப் போகிறார்? ஐயர் பங்களாவிலிருந்து பெரியார் பேருந்து நிலையம், அங்கிருந்து திருநகர், திரும்பி மாட்டுத்தாவணி வழியாக வீடு என்று சுற்றினாலும் 40 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. என் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் போகிறது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நாளுக்கு ஏழு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளக்கில் இரண்டேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். கார் நிற்பதோ இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணிவரை.

32 வீட்டாரும் நாளைக்கே மின்சாரக் கார் வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தேவை இரவுக்கு 224 யூனிட். அதை ஏழு மணி நேரத்தில் பிரித்துக் கொடுத்தால் சராசரிச் சுமை 32 கிலோவாட். ஒப்பந்தக்காரர் சொன்னது 296. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உங்கள் தடை நிற்கிறது.

"அது காகிதக் கணக்கு, நம் கட்டடம் தாங்குமா?" என்று பொருளாளர் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சுற்றறிக்கை ஒட்டப்பட்ட மறுநாளே கேபிளைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மெயின் போர்டு அறைக்குப் போனேன். பதினான்கு நாள்கள், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், காலை ஆறு முதல் நள்ளிரவுவரை அரை மணிக்கு ஒரு முறை நான் அளந்தேன். அதன் பிறகு விடியும்வரை வாட்ச்மேன் ஐயா அளந்து எழுதினார். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என்னைவிட அவர் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அந்த நாற்பது பக்க நோட்டு என்னிடம் இருக்கிறது.

பதினான்கு நாள்களில் மிக அதிகமாக இழுத்தது ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு. கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில், ஆர் ஃபேஸில் 142 ஆம்பியர், ஒய் ஃபேஸில் 104, பி ஃபேஸில் 88. மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 77 கிலோவாட். நம் 32 வீடுகளும் ஆளுக்கு 4 கிலோவாட் என்று அனுமதி வாங்கியிருக்கிறோம். பொது இணைப்பு தனி. அதாவது 128 கிலோவாட்டுக்கு மேல் அனுமதி வாங்கிய கட்டடம், மதுரையின் கொடும் வெயிலில், ஏசியும் போர்வெல் மோட்டாரும் லிப்டும் சேர்ந்து ஓடிய உச்ச நேரத்தில் 77தான் இழுத்தது. ஒப்பந்தக்காரரின் முறைப்படி நம் வீடுகளில் உள்ள எழுபது சொச்சம் ஏசிகளையும் 32 கீசர்களையும் கூட்டினால் மெயின் சுவிட்ச் எப்போதோ வெடித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஏசிக்கு யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் நாம் எல்லோரும் இன்னும் மொட்டை மாடியில் பாய் விரித்துத்தான் படுத்திருப்போம்.

ஆனால் அந்த அளவுகள் வேறொன்றையும் சொல்கின்றன. ஆர் 142, பி 88. கட்டடம் கட்டியபோது முன்வரிசை வீடுகளை எல்லாம் ஆர் ஃபேஸிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய வீடுகளும் வீட்டுக்கு மூன்று ஏசியும் அந்தப் பக்கம்தான். சென்ற ஆண்டு கருகியதும் ஆர் ஃபேஸ் முனைதான். கேபிளை இணைக்கும் உலோக முனையான லக்கின் இறுக்கம் குறைந்திருந்தது, அதில் இரவு முழுக்கப் பெரிய சுமை, சூடேறிக் கருகியது. அன்று வந்த மின்பணியாளர் லக்கை மாற்றிவிட்டுப் போனார், சுமையை யாரும் மாற்றவில்லை. கார்களே வராவிட்டாலும் அடுத்த கத்திரியில் அது மறுபடியும் கருகலாம். இதைத்தான் நீங்கள் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

நம் மெயின் சுவிட்ச் 200 ஆம்பியர். அதில் 160க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று ஃபேஸையும் சமப்படுத்தினால் அந்தச் சனிக்கிழமை உச்சத்தில்கூட ஒவ்வொன்றிலும் 111 ஆம்பியர்தான் இருந்திருக்கும். மிச்சம் 49. ஃபேஸுக்கு மூன்றாக ஒன்பது கார்கள், அந்த உச்ச நேரத்திலேயே, 16 ஆம்பியரில் சார்ஜ் ஏறலாம். இரவு இரண்டு மணிக்குச் சராசரி 76 ஆம்பியராக இறங்குகிறது. அப்போது பதினைந்து கார்கள். நம்மிடம் இன்று இருப்பது இரண்டு கார்கள், என்னுடையதும் நான்காம் தளத்து மருத்துவருடையதும்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: நள்ளிரவில் மின்சாரம் சும்மா கிடக்கும் என்று வெளியில் சொல்வது மதுரையின் வைகாசிக்கு முழுதும் பொருந்தாது. இங்கே இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. நம் கட்டடத்தில் உண்மையில் காலியாக இருப்பது பகல் பதினொன்று முதல் மூன்று வரை. வேலைக்குப் போகாத என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் அப்போதே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இரவை வேலைக்குப் போகிறவர்களுக்கு விட்டுவிடலாம். இதெல்லாம் அளந்த பிறகு தெரிவது, பெருக்கித் தெரிவதில்லை. இன்னொன்று, மெயின் சுவிட்ச் மட்டுமே எல்லை இல்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கேபிளும், நம்மோடு பக்கத்துக் கட்டடங்களுக்கும் கொடுக்கிற அந்த டிரான்ஸ்பார்மரும் தாங்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் மின்வாரியப் பொறியாளர்கள். அவர்களிடம் சங்கம் இதுவரை ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை.

உங்களுடைய ஓர் அச்சத்தை நான் மதிக்கிறேன். "ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள்" என்று செயலாளர் சொன்னார். கேட்கத்தான் வேண்டும், கேட்கும் நாளுக்கு ஏற்பாடு செய்வதுதானே சங்கத்தின் வேலை. ஆனால் அதற்குள் ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது. முதலில் கார் வாங்கும் ஒன்பது பேர் மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, பத்தாவதாக வருகிறவர்தான் டிரான்ஸ்பார்மர் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்றால் அது அநியாயம். நான் முதலில் வாங்கியதால் எனக்கு எந்தத் தனி உரிமையும் வேண்டாம். அதற்காகத்தான் கரும்பலகை என்றேன். மெயின் போர்டில் மூன்று ஃபேஸிலும் மின்னோட்டத்தை அளக்கும் காயிலை மாட்டி, கட்டடம் அந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, மிச்சத்தை சார்ஜர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் விற்கின்றன. சுவரில் பொருத்தும் சார்ஜர்கள் அந்தக் கருவி சொன்னபடி 32 ஆம்பியரிலிருந்து 6 ஆம்பியர்வரை இறங்கி நிற்கும். எல்லா ஏசியும் ஓடினால் கார்கள் மெதுவாகக் குடிக்கும். விடியற்காலை ஏசிகள் அடங்கியதும் வேகமாகக் குடிக்கும். பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்கு ஒரு கரண்டி குறைவதுபோல. எவ்வளவு பேர் சேர்ந்தாலும் மெயின் சுவிட்ச் நாம் வைத்த எல்லையைத் தாண்டாது. அதன் விலையை டிரான்ஸ்பார்மர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேம்பும் பிழைக்கும்.

தீ பற்றிய பயத்துக்கு வருகிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இருக்கிறது உங்கள் தடை. சுற்றறிக்கைக்குப் பிறகு சார்ஜ் செய்வது நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. மூன்றாம் தளத்துத் தம்பி ஒருவர் இரவு பதினொரு மணிக்குமேல் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறார். இன்னொருவர் படிக்கட்டு விளக்கின் இணைப்பிலிருந்து எடுக்கிறார். தடைக்கு முன்பே, சென்ற ஐப்பசியில் ஒரு இரவு, மழையில் நனைந்த அப்படி ஓர் ஒயரின் பிளக் உருகிப் புகை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அணைத்தது நானும் வாட்ச்மேன் ஐயாவும். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. முறையாக ஒரு சாக்கெட் கொடுங்கள் என்று அவர் கேட்டு ஓராண்டு ஆகிறது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் மின்வாகன சார்ஜுக்கென்றே 2019இல் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது, ஒவ்வொரு சார்ஜ் முனைக்கும் தனிச் சுற்று வேண்டும், 30 மில்லி ஆம்பியருக்குள் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும், சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உயரத்தின் அருமை நமக்குத் தெரியாததா? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நம் தரைத்தளத்தில் அன்று கணுக்கால் அளவு நின்றது. அந்தத் தண்ணீர் நின்ற இடத்தில்தான் இப்போது ஒயர்கள் தொங்குகின்றன. உங்கள் தடை அவற்றைத் தடுக்கவில்லை, இருட்டுக்குள் தள்ளியிருக்கிறது.

சட்டம் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே வாகனத்துக்கு சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று ஒன்றிய மின்துறை 2022 ஜனவரி வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம், மின்வாகனத்துக்கெனத் தனி இணைப்புப் பெறவும் வழி செய்கிறது. என் 4 கிலோவாட் இணைப்பில் ஏசியும் காரும் சேர்ந்து ஓடாது என்பதை அறிந்து, கூடுதல் பளுவுக்கோ தனி இணைப்புக்கோ என் செலவில் விண்ணப்பிக்கத் தயாராக இருக்கிறேன். என் மீட்டரிலிருந்து என் கார் இடத்துக்கு 22 மீட்டர். சுவரும் தூணும் பொதுச் சொத்து என்பதால் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்த ஒரு தாளுக்காகத்தான் சித்திரையிலிருந்து நடக்கிறேன்.

அதுவரை என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். மேலூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ போகிறேன். போகவர 60 கிலோமீட்டர், அதற்கே ஒன்பது யூனிட். "காருக்குச் சோறு ஊட்ட என் தம்பி வீட்டுக்கா போக வேண்டும்?" என்று என் மனைவி கேட்கிறார். முதல் மாதம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஆர் ஃபேஸ் சுமையைச் சமப்படுத்தித் தரும்படி மின்வாரியத்திடம் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் கொடுங்கள். மீட்டர்கள் அவர்களுடையவை, நாமே ஃபேஸ் மாற்ற முடியாது. அதே கடிதத்தில், தெரு டிரான்ஸ்பார்மரும் நம் கேபிளும் கூடுதலாக எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இது கார்களுக்காக மட்டும் அல்ல, கார் வாங்கப்போவதே இல்லை என்று சொல்கிறவர்களும் ஆர் ஃபேஸில்தான் குடியிருக்கிறார்கள்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதன் இடத்தில் எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தடை செய்யும் அறிவிப்பை ஒட்டுங்கள். கூடவே ஸ்கூட்டர்களுக்கென்று கிழக்குச் சுவரில் நான்கு சாக்கெட்டுகள், உரிய உயரத்தில், தனிச் சுற்றும் மின்கசிவுப் பாதுகாப்பும் துணை மீட்டரும் வைத்துப் போடுங்கள். ஓடிய யூனிட்டுக்கு அவரவர் பணம் கட்டட்டும். மருத்துவருக்கும் எனக்கும் சம்மதக் கடிதம் கொடுங்கள். பின்னாளில் பங்கீட்டுக் கருவி வந்தால் எங்கள் சார்ஜர்களும் அதன்கீழ் வரும் என்று இருவரும் எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த 500 கே.வி.ஏ. தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, பங்கீட்டுக் கருவியோடு கூடிய அமைப்புக்கு வேறு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். கேட்கும்போது என் நோட்டின் நகலையும் கொடுங்கள். அதைப் பார்க்காமலே விலை சொல்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தனிப் பொருளாகச் சேர்த்து, பதினைந்து நாள்களுக்குமுன் எல்லா வீடுகளுக்கும் தெரிவியுங்கள். நோட்டும் டாங் டெஸ்டரும் எடுத்து வருகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்து இரவு பத்தரை மணிக்கு என்னோடு மெயின் போர்டு அறைக்கு வரலாம், வாட்ச்மேன் ஐயாவே அளந்து காட்டுவார்.

இப்படிக்கு,
இரண்டாம் தளத்து ஓய்வுபெற்ற ஆலை மின் மேற்பார்வையாளர்
நத்தம் சாலை, மதுரை